ஜூலியஸ் ரோசன்வால்ட்

ஜூலியஸ் ரோசன்வால்ட் (ஆகஸ்ட் 12, 1862 - ஜனவரி 6, 1932) ஓர் அமெரிக்கத் தொழிலதிபரும் கொடையாளரும் ஆவார். சிகாகோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சியர்ஸ், ரோபக் நிறுவனத்தின் தலைவராக இருந்து, அதனை அமெரிக்காவின் மிகப் பெரிய அஞ்சல்வழி வணிக நிறுவனமாக வளர்த்தார். ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட ஏறத்தாழ ஐயாயிரம் அரசுப் பள்ளிகளுக்கு உதவியவர் என்பதே இவரது நிலைத்த புகழுக்குக் காரணமாகும். இப்பள்ளிகள் ரோசன்வால்ட் பள்ளிகள் என்று அழைக்கப்பட்டாலும், அவற்றுக்கான செலவில் இவர் அளித்தது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கேயாகும். எஞ்சியதை வரிப்பணமும் அந்தந்த ஊர் மக்களின் பணமும் உழைப்பும் ஈடுசெய்தன.

பிறப்பும் இளமையும்

ரோசன்வால்ட் இலினொய் மாநிலத்தின் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தார். தந்தை சாமுவேல் ரோசன்வால்ட், தாய் அகஸ்டா ஹாமர்ஸ்லா. இருவரும் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதர்கள். தந்தை அந்நகரில் ஆயத்த ஆடைக் கடை நடத்தி வந்தார். குடும்பம் வாழ்ந்த வீடு ஆபிரகாம் லிங்கனின் இல்லத்துக்கு அருகில் இருந்தது. ரோசன்வால்ட் பிறந்தபோது லிங்கன் குடியரசுத் தலைவராக இருந்தார். அடிமை முறை பற்றிய உள்நாட்டுப் போர் நடந்து கொண்டிருந்தது.

ரோசன்வால்ட் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 1879 ஆம் ஆண்டு நியூயார்க் சென்று, ஆடை வணிகம் செய்து வந்த தாய்மாமன்மாரிடம் தொழில் பயின்றார். 1885 இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, உறவினர் ஜூலியஸ் வெயிலுடன் சேர்ந்து ஆண்களுக்கான ஆடைகள் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். 1890 இல் அகஸ்டா நுஸ்பாமை மணந்தார். இவர்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தனர்.

வணிக வாழ்க்கை

1895 ஆம் ஆண்டில் ரோசன்வால்டும் அவரது மனைவியின் சகோதரர் ஆரோன் நுஸ்பாமும் சேர்ந்து 75,000 டாலர் முதலீட்டில் சியர்ஸ், ரோபக் நிறுவனத்தின் பாதிப் பங்கை வாங்கினர். நிறுவனத்தைத் தோற்றுவித்த ரிச்சர்ட் சியர்ஸ் விளம்பரம் எழுதுவதில் வல்லவர். ஆனால் பொருட்களை வாங்கி வைப்பதிலும் உரிய காலத்தில் அனுப்புவதிலும் ஒழுங்கு இருக்கவில்லை. அந்த ஒழுங்கை ரோசன்வால்ட் ஏற்படுத்தினார். தடித்த விலைப்பட்டியல் நூலைப் பார்த்து, கடைத்தெருவே இல்லாத ஊர்களில் வாழ்ந்த உழவர்கள் ஊசி முதல் அடுப்பு வரை அஞ்சலில் வரவழைத்தனர்.

1906 இல் நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 1908 இல் சியர்ஸ் விலகியபின் ரோசன்வால்ட் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1924 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதன் பின் இறக்கும் வரை இயக்குநர் குழுத் தலைவராக விளங்கினார். முதல் உலகப் போருக்குப் பின் ஏற்பட்ட வணிகச் சரிவில் நிறுவனம் தள்ளாடியபோது, 1921 இல் தமது சொந்தச் செல்வத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலரை அளிக்க முன்வந்து அதனைக் காப்பாற்றினார்.

தென் மாநிலங்களில் பள்ளிகளின் நிலை

ரோசன்வால்டின் கல்விப் பணியைப் புரிந்துகொள்ள அக்காலத் தென் மாநிலங்களின் நிலையை அறிதல் வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் வாக்குரிமையும் பெற்றனர். தென் மாநிலங்களில் அனைவருக்குமான அரசுப் பள்ளி முறை அவர்களும் பங்கு பெற்ற சட்டமன்றங்களினால் உருவாக்கப்பட்டது. ஆனால் 1890 இல் மிசிசிப்பியில் தொடங்கி அடுத்தடுத்த மாநிலங்கள் தம் அரசியலமைப்புகளைத் திருத்தி, தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு முதலியவற்றின் மூலம் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தன. 1896 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் இனங்களைப் பிரித்து வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. பிரிவினை நடைமுறைக்கு வந்தது, சமம் வரவில்லை.

வாக்கு இல்லாதவர்களின் பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்கும் தேவை மாவட்டக் கல்விக் குழுக்களுக்கு இருக்கவில்லை. கறுப்பினத்தவர் செலுத்திய வரியும் மாநில நிதியிலிருந்து அவர்களின் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டிப் பெற்ற பணமும் பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கே செலவிடப்பட்டன. கறுப்பினப் பிள்ளைகள் தேவாலயங்களிலும் பழைய மரக் குடிசைகளிலும் படித்தனர். பருத்தி எடுக்கும் காலத்தை ஒட்டிப் பள்ளி நாட்கள் குறுக்கப்பட்டதால், ஆண்டில் சில மாதங்களே பாடம் நடந்தது.

புக்கர் டி. வாஷிங்டனுடன் தொடர்பு

1910 ஆம் ஆண்டில் நண்பர் ஒருவர் அனுப்பிய நூலொன்றும், அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்த புக்கர் டி. வாஷிங்டனின் தன்வரலாறும் ரோசன்வால்டின் சிந்தனையை மாற்றின. ஐரோப்பாவில் யூதர்கள் பட்ட துன்பங்களை அறிந்திருந்த அவர், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் நடத்தப்படும் விதத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பினத்தவருக்காக இளைஞர் கிறித்தவச் சங்கக் கட்டிடம் அமைக்க 75,000 டாலர் திரட்டும் எந்த நகரத்துக்கும் தாம் 25,000 டாலர் தருவதாக அறிவித்தார். இருபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் இதனைப் பயன்படுத்திக் கொண்டன. பிறரும் பணம் போட்டால் மட்டுமே தாமும் போடுவது என்னும் முறையை அவர் பிற்காலத்திலும் கைவிடவில்லை.

1911 இல் இருவரும் சிகாகோவில் சந்தித்தனர். 1912 இல் ரோசன்வால்ட், அலபாமாவில் வாஷிங்டன் நடத்தி வந்த டஸ்கிகி கல்வி நிலையத்தின் அறங்காவலர் ஆனார். அதே ஆண்டு தமது ஐம்பதாவது பிறந்த நாளையொட்டி ஏறத்தாழ 7 இலட்சம் டாலரைப் பல அமைப்புகளுக்கு வழங்கினார். அதில் 25,000 டாலர், டஸ்கிகியைப் பின்பற்றி உருவான பள்ளிகளுக்கென அளிக்கப்பட்டது. அத்தொகையில் மீந்த 2,100 டாலரைக் கொண்டு ஊர்ப்புறங்களில் ஆறு சிறிய பள்ளிகளைக் கட்டிப் பார்க்கலாமா என்று வாஷிங்டன் கேட்டார். ரோசன்வால்ட் இசைந்தார். டஸ்கிகிக்கு அருகிலுள்ள மாவட்டங்களில் அப்பள்ளிகள் எழுந்தன. முதற் பள்ளி லோச்சபோக்கா என்னும் ஊரில் 1913 இல் கட்டப்பட்டது.

பள்ளிக் கட்டிடத் திட்டம்

ஆறு பள்ளிகளின் ஒளிப்படங்களையும் கணக்குகளையும் கண்டு நிறைவடைந்த ரோசன்வால்ட், 1914 இல் நூறு பள்ளிகளுக்காக 30,000 டாலர் அளிக்க உறுதி கூறினார். 1915 நவம்பரில் வாஷிங்டன் இறந்த பின்னும் திட்டம் தொடர்ந்தது. டஸ்கிகியில் கிளின்டன் கேலவே அதனை நடத்தினார். 1917 இல் ஜூலியஸ் ரோசன்வால்ட் நிதியம் பதிவு செய்யப்பட்டது. 1920 இல் திட்ட அலுவலகம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு மாற்றப்பட்டு, சாமுவேல் ஸ்மித் என்பவரின் பொறுப்பில் விடப்பட்டது.

நிபந்தனைகள்

பணம் கேட்டவர்களுக்கெல்லாம் பணம் தரப்படவில்லை. உதவி பெறப் பின்வரும் நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்:

* ஊரிலுள்ள கறுப்பின மக்கள் பணமாகவோ நிலமாகவோ மரமாகவோ உழைப்பாகவோ தம் பங்கை அளிக்க வேண்டும்.
* மாவட்டக் கல்விக் குழு பொதுப் பணத்திலிருந்து ஒரு பங்கைத் தர வேண்டும்.
* நிலமும் கட்டிடமும் அரசுப் பள்ளிச் சொத்தாகப் பதிவு செய்யப்பட வேண்டும்.
* ஆசிரியர் சம்பளத்தையும் பராமரிப்பையும் கல்விக் குழு ஏற்க வேண்டும்.
* ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து மாதங்கள் பள்ளி நடைபெற வேண்டும்.

இவற்றுள் சொத்துப் பதிவு பற்றிய நிபந்தனை மிக முக்கியமானது. தனியார் அறப்பள்ளியாக விட்டிருந்தால் கொடையாளர் மறைந்ததும் பள்ளியும் மறைந்திருக்கக்கூடும். மாவட்டத்தின் சொத்தாகிவிட்ட பள்ளிக்கு ஆண்டுதோறும் செலவு செய்யும் கடமையிலிருந்து மாவட்டம் எளிதில் விலக முடியாது. கறுப்பினப் பிள்ளைகளின் கல்வி அரசின் பொறுப்பு என்பதை ஏற்க மறுத்த அலுவலர்களை, ஒரு சிறிய தொகையைக் காட்டி அப்பொறுப்புக்குள் இழுத்து வருவதே ரோசன்வால்ட் கொடையின் நோக்கமாக இருந்தது.

மாவட்ட அலுவலர்கள் இதற்கு இசைந்ததற்கு நல்லெண்ணம் மட்டும் காரணமன்று. 1916 முதல் இலட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வேலை தேடி வடக்கு நகரங்களுக்குச் சென்றனர். நல்ல பள்ளி இருந்தால் தொழிலாளர்கள் ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்று நில உடைமையாளர் பலர் கருதினர்.

ஊர் மக்கள் பணம் திரட்டிய விதம்

பணம் திரட்டியவர்களில் பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்ட ஏழை உழவர்கள். அறுவடை முடியும்வரை அவர்கள் கையில் காசு இராது. ஆகவே பல ஊர்களில் சில ஏக்கர் நிலத்தைப் பள்ளிக்கென ஒதுக்கிப் பருத்தி பயிரிட்டு, அதை விற்ற பணத்தைச் சேர்த்தனர். பெண்கள் உணவுப் பொட்டலங்கள் தயாரித்து விருந்துகளில் ஏலம் விட்டனர். கோழியும் முட்டையும் விற்றனர். தேவாலயங்களில் இசை நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. நிலம் வைத்திருந்த சிலர் பள்ளிக்கு இடம் கொடுத்தனர். மரம் வைத்திருந்தவர்கள் மரத்தை வெட்டி அறுத்துத் தந்தனர். தச்சு வேலை தெரிந்தவர்கள் கூலியின்றி வேலை செய்தனர்.

இம்முயற்சிகளை ஒருங்கிணைத்தவர்களில் ஜீன்ஸ் ஆசிரியர்கள் எனப்பட்ட மேற்பார்வை ஆசிரியைகள் குறிப்பிடத்தக்கவர்கள். அன்னா ஜீன்ஸ் என்னும் அம்மையாரின் கொடையினால் 1907 இல் உருவான நிதியத்தின் ஆதரவில் பணியாற்றிய இவர்கள், ஊர் ஊராகச் சென்று பெற்றோர் கூட்டங்களை நடத்தினர். பள்ளி கட்டப்பட்ட பின்னும் வேலை ஓயவில்லை. ஆண்டுதோறும் ரோசன்வால்ட் நாள் என ஒரு நாளைக் குறித்து, அன்று கட்டிடத்தைச் செப்பனிடவும் பள்ளி மாதங்களை நீட்டிக்கவும் மீண்டும் பணம் சேர்த்தனர்.

கட்டிட அமைப்பு

தொடக்கக் காலப் பள்ளிகளின் வரைபடங்களை டஸ்கிகியின் கட்டிடக் கலைஞரான ராபர்ட் டெய்லரும் அவரது உடன் பணியாளர்களும் வரைந்தனர். பின்னர் நாஷ்வில் அலுவலகம் ஓர் ஆசிரியர் பள்ளி முதல் பெரிய பள்ளிகள் வரை பல அளவுகளில் மாதிரி வரைபடங்களை வெளியிட்டு, இலவசமாக வழங்கியது. வெள்ளையர் பள்ளிகளைக் கட்டியவர்களும் இவற்றைப் பயன்படுத்தினர்.

ஊர்ப்புறங்களில் மின்வசதி இல்லாததால் பகல் வெளிச்சமே நம்பப்பட்டது. கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ ஒளி வரும்படி உயரமான சன்னல்கள் வரிசையாக அமைக்கப்பட்டன. எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி, மாணவர்களின் இடப்புறத்திலிருந்து வெளிச்சம் வருமாறு இருக்கைகள் போடப்பட்டன. கைத்தொழில் பயிற்சிக்கெனத் தனி அறை இருந்தது. இரு வகுப்பறைகளுக்கு இடையிலான தடுப்பை நகர்த்தினால் ஊர்க் கூட்டம் நடத்தும் மண்டபம் கிடைத்தது.

செலவுக் கணக்கு

1932 இல் திட்டம் முடிவுற்றபோது 15 மாநிலங்களின் 883 மாவட்டங்களில் 4,977 பள்ளிகளும், 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்கூடங்களும் கட்டப்பட்டிருந்தன. இவற்றில் 6 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடமிருந்தது. வட கரோலினா மாநிலத்தில்தான் மிகுதியான பள்ளிகள் கட்டப்பட்டன. மொத்தச் செலவு 2 கோடியே 84 இலட்சம் டாலர். அதன் பங்கீடு ஏறத்தாழப் பின்வருமாறு:

* அரசு வரிப்பணம் - 1 கோடியே 81 இலட்சம் டாலர் (64 விழுக்காடு)
* கறுப்பின மக்கள் - 47 இலட்சம் டாலர் (17 விழுக்காடு)
* ரோசன்வால்ட் நிதியம் - 44 இலட்சம் டாலர் (15 விழுக்காடு)
* வெள்ளையர் நன்கொடை - 12 இலட்சம் டாலர் (4 விழுக்காடு)

அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் அளித்ததைவிட, அந்நாட்டின் மிக ஏழை மக்களுள் அடங்கிய கறுப்பின உழவர்கள் சேர்ந்து அளித்தது மிகுதி என்பதை இக்கணக்கு காட்டுகிறது. தமது பெயர் பள்ளிகளுக்குச் சூட்டப்பட வேண்டும் என்று ரோசன்வால்ட் கோரவில்லை. மக்கள் வழக்கிலேயே அப்பெயர் நிலைத்தது. பல வகுப்பறைகளில் அவரது படம் மாட்டப்பட்டிருந்தது.

இரட்டை வரி என்னும் விமர்சனம்

இத்திட்டத்தைப் பாராட்டும் வரலாற்றாசிரியர்களும் அதன் இன்னொரு பக்கத்தைச் சுட்டுகின்றனர். கறுப்பின மக்கள் ஏற்கனவே வரி செலுத்தி வந்தனர். அந்த வரியில் தம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய பங்கு வெள்ளையர் பள்ளிகளுக்குப் போனது. எனவே ஓர் அரசுப் பள்ளியைப் பெறுவதற்கு அவர்கள் இரண்டாம் முறையும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கட்டி முடித்த பள்ளியை, தங்களுக்கு இடமில்லாத ஒரு கல்விக் குழுவின் பெயருக்கு எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஆன்டர்சன் 1988 இல் வெளிவந்த தமது ஆய்வு நூலில் இதனை இரட்டை வரி என்றே விளக்கியுள்ளார். மேற்கண்ட கணக்கில் அரசு வரிப்பணம் எனக் காட்டப்படும் தொகையிலும் கறுப்பினத்தவரின் வரி அடங்கியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இத்திட்டம் இனப் பிரிவினையை எதிர்க்காமல், அதற்கு உட்பட்டே இயங்கியது என்பது மற்றொரு குறையாகும். புதிய கட்டிடங்கள் வந்த பின்னும் ஆசிரியர் சம்பளத்திலும் பள்ளி நாட்களிலும் வெள்ளையர் பள்ளிகளுக்கும் கறுப்பினத்தவர் பள்ளிகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு நீடித்தது.

எனினும் பள்ளிகளின் பயன் ஆய்வுகளால் உறுதி செய்யப்பட்டுள்ளது. சிகாகோ கூட்டரசு வைப்பு வங்கியின் பொருளியலாளர்கள் டேனியல் ஆரன்சனும் பாஷ்கர் மஜும்தாரும் 2011 இல் வெளியிட்ட ஆய்வு, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தென் மாநில ஊர்ப்புறங்களில் இரு இனத்தாரின் படிப்பு ஆண்டுகளுக்கு இடையிலான இடைவெளி பெரிதும் குறைந்தது என்றும், அதில் ரோசன்வால்ட் பள்ளிகளுக்குக் குறிப்பிடத்தக்க பங்கு உண்டு என்றும் காட்டியது.

பிற கொடைகள்

ரோசன்வால்ட் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அறங்காவலராக இருந்து அதற்கு நிதி வழங்கினார். முதல் உலகப் போரில் பாதிக்கப்பட்ட யூதர்களின் துயர் துடைக்க 1917 இல் 10 இலட்சம் டாலர் அளித்தார். சிகாகோவின் அறிவியல், தொழில் அருங்காட்சியகம் அவர் 1926 இல் உறுதியளித்த 30 இலட்சம் டாலரைக் கொண்டு தொடங்கப்பட்டு, அவர் இறந்த பின் 1933 இல் திறக்கப்பட்டது.

அறக்கொடைகள் காலகாலத்துக்கும் நிலைத்திருக்கக் கூடாது என்பது அவரது உறுதியான கருத்து. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தின் தேவைகளைத் தானே அறிந்து கொடுக்கும் என்று நம்பிய அவர், தமது நிதியம் தமது மறைவிலிருந்து 25 ஆண்டுகளுக்குள் முதலையும் செலவிட்டு முடிக்கப்பட வேண்டும் என விதித்தார். இக்கருத்துகளை 1929 இல் அட்லான்டிக் மாத இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

1928 இல் எட்வின் எம்ப்ரி நிதியத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். அதன்பின் நிதியம் மருத்துவம், நூலகம், உயர்கல்வி ஆகியவற்றிலும் ஈடுபட்டது. கறுப்பின எழுத்தாளர்கள், அறிஞர்கள், கலைஞர்கள் பலருக்கு ஆய்வு உதவித்தொகை வழங்கியது. டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், லாங்ஸ்டன் ஹியூஸ், பாடகி மரியன் ஆன்டர்சன், பின்னாளில் நோபல் அமைதிப் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச் முதலியோர் இவ்வுதவியைப் பெற்றவர்கள்.

இறுதிக் காலம்

1929 இல் மனைவி அகஸ்டா காலமானார். 1930 இல் ரோசன்வால்ட் அடிலெய்ட் குட்கைன்ட் என்பவரை மணந்தார். 1929 இன் பங்குச் சந்தை வீழ்ச்சியின்போது, கடன் வாங்கிப் பங்குகளில் முதலீடு செய்திருந்த தமது நிறுவன ஊழியர்களின் கணக்குகளுக்குத் தாமே பிணை நின்றார். சியர்ஸ் பங்குகளையே பெரிதும் நம்பியிருந்த நிதியத்தின் சொத்து மதிப்பு இவ்வீழ்ச்சியில் கடுமையாகக் குறைந்தது.

ரோசன்வால்ட் 1932 ஜனவரி 6 அன்று சிகாகோவை அடுத்த ஹைலண்ட் பார்க்கில் காலமானார். சிகாகோவின் ரோஸ்ஹில் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆண்டு பள்ளிக் கட்டிடத் திட்டமும் நிறுத்தப்பட்டது. பண நெருக்கடியோடு, இனியும் வெளியாரின் பணத்தை எதிர்பாராமல் மாநிலங்களே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற கருத்தும் இதற்குக் காரணமாக இருந்தது. நிதியம் தன் முதலையும் செலவிட்டு, 1948 இல் மூடப்பட்டது.

மறைவுக்குப் பின்

1954 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தொடர்ந்த ஆண்டுகளில் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது ரோசன்வால்ட் பள்ளிகள் பல மூடப்பட்டன. சில விற்கப்பட்டன, பல இடிந்து போயின. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக் கட்டிடங்களே எஞ்சியுள்ளன என மதிப்பிடப்படுகிறது. 2002 இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை, அழியும் நிலையிலுள்ள இடங்களின் பட்டியலில் இப்பள்ளிகளைச் சேர்த்தது. அதன்பின் பழைய மாணவர்களும் ஊர் மக்களும் பல கட்டிடங்களைச் சீரமைத்து, சமூகக் கூடங்களாகவும் அருங்காட்சியகங்களாகவும் மாற்றினர். பெற்றோரும் பாட்டன்மாரும் கட்டிய பள்ளிகளைக் காக்க அடுத்த தலைமுறையினர் மீண்டும் பணம் திரட்டினர்.

குடியுரிமைப் போராட்டத் தலைவரும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லூயிஸ், எழுத்தாளர் மாயா ஆஞ்சலோ ஆகியோர் ரோசன்வால்ட் பள்ளிகளில் படித்தவர்கள். 2015 இல் அவிவா கெம்ப்னர் ரோசன்வால்டின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுத்தார். ரோசன்வால்டுக்கும் இப்பள்ளிகளுக்கும் தேசிய வரலாற்றுப் பூங்கா ஒன்றை அமைப்பது குறித்து ஆராய்வதற்கான சட்டம் 2021 ஜனவரியில் நிறைவேறியது.